கட்டாமல் விடுவது வேறு, மறுப்பது வேறு

மதுரையில் ஒரு வீட்டு வாசலில் சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி இறங்கிப்போய் இரண்டு மாதமாக அது வாசற்படியைத் தாண்டவில்லை. ஒருநாள் காலை வண்டிக்காரரின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. முந்தைய நாள் மாலை சென்னை வேளச்சேரியில் அவருடைய வண்டியை யாரோ ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினார்களாம். அபராதம் 1000 ரூபாய்.

உடனே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "ஆயிரம் ரூபாய்தானே, கட்டித் தொலை. கோர்ட்டு கச்சேரின்னு யார் அலையறது?" என்பது ஒன்று. "நாம செய்யாத தப்புக்கு எதுக்குக் கட்டணும்? பேசாம விட்டுடு, என்ன செஞ்சிடுவாங்க?" என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர்கள் தாங்கள் அபராதத்தை எதிர்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் எதையும் எதிர்க்கவில்லை, வெறுமனே கட்டாமல் இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டும் வேறு வேறு. இந்த அபராதச் சீட்டை, அதாவது சலானை, மறுக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. அந்த வழி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பேச்சு முழுக்கத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துத்தான். மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதால் அடிப்படை பிற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

முதலில் வந்த செய்தி உண்மையானதுதானா என்று பாருங்கள். போக்குவரத்து சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பை, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பை, அனுப்பி, அதைத் தொட்டவர்களின் வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல்கள் சில வருடங்களாகவே சுற்றுகின்றன. செய்தியில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். பரிவாகன் என்ற அரசு வாகனச் சேவையின் இ-சலான் தளத்து முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். அரசுத் தளம் என்றால் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடியும். அங்கே சலான் இருந்தால் மேலே படிக்கலாம்.

சலான் என்பது தீர்ப்பு அல்ல

பலருக்கும் புரியாத இடம் இதுதான். போலீஸ்காரர் கையிலிருக்கும் கருவியிலிருந்து ஒரு சீட்டு வந்ததும், நாம் குற்றவாளி என்று முடிவாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் குற்றம் நடந்ததா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு போலீசுக்கும் ஆர்.டி.ஓ. அதிகாரிகளுக்கும் தருவது வேறு ஓர் அதிகாரம். இதற்கு இணக்கக் கட்டணம் என்று பெயர். "உங்கள் மேல் இப்படி ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமல் இந்தத் தொகையைக் கட்டிவிட்டால் இங்கேயே முடித்துக்கொள்ளலாம்" என்று அவர்கள் முன்வைக்கும் ஏற்பாடுதான் அது. சலானில் இருக்கும் தொகை அந்த ஏற்பாட்டின் விலை. சம்மதம் என்றால் கட்டலாம். இல்லையென்றால் விஷயம் மாஜிஸ்ட்ரேட்டிடம் போக வேண்டும்.

எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு இணக்கக் கட்டணம் என்பதை மாநில அரசு அறிவிக்கிறது. நாடாளுமன்றம் 2019-இல் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை ஏற்றியது. தமிழ்நாடு உடனே அதைப் பின்பற்றாமல் 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளுக்கு அரசாணை போட்டது. ஹெல்மெட் போடாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1000 ஆனது அப்போதுதான். நூறு ரூபாய்க்காக யாரும் கோர்ட் படி ஏற மாட்டார்கள். ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் என்று போன பிறகுதான் "இதை மறுக்க முடியுமா?" என்ற கேள்வியே பரவலாக எழுந்தது.

எல்லாக் குற்றத்தையும் இப்படி இணங்கி முடித்துக்கொள்ள முடியாது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு, அதாவது 185-ஆவது பிரிவு, 200-ஆவது பிரிவின் பட்டியலிலேயே கிடையாது. அது கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டிய வழக்கு. அங்கே வக்கீல் இல்லாமல் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதும் அல்ல.

"கட்டித் தொலை" கட்சிக்கு ஒரு தகவல். 200-ஆவது பிரிவில் 2019 திருத்தம் ஒரு வரியைச் சேர்த்தது. நீங்கள் இணங்கிக் கட்டி முடித்த குற்றமும், பிறகு அதே குற்றம் மறுபடி நடந்ததாக வரும்போது முதல் தடவையாகக் கணக்கில் வரும். வண்டி ஓட்டும்போது செல்போன் பேசியதற்குத் தமிழ்நாட்டில் முதல் முறை 1000 ரூபாய், மறுமுறை 10,000 ரூபாய். செய்யாத குற்றத்துக்குத் தொல்லை விட்டால் போதும் என்று ஆயிரத்தைக் கட்டியவர், பிறகு ஒருநாள் உண்மையிலேயே மாட்டினால் பத்து மடங்கு கட்ட வேண்டிய நிலையில் நிற்பார். நம் வண்டியே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மறுப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கட்டாமல் விட்டால்

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? சில மாதம் ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும். அந்த அமைதியை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே சலான் நிலுவையாகவே கிடக்கும். நீங்கள் வண்டியை விற்கப் போகும்போது, பெயர் மாற்றும்போது, லாரி டாக்சி என்றால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் "முதல்ல சலானைக் கட்டிட்டு வாங்க" என்பார்கள். வாங்க வந்தவர் பக்கத்தில் நிற்க, அவசரத்தில் ஏழெட்டு சலானைச் சேர்த்துக் கட்டியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் எது நியாயம் எது தவறு என்று யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம், கட்டப்படாத சலான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படலாம். இப்போது பெரும்பாலும் முதலில் போவது மெய்நிகர் நீதிமன்றத்துக்கு. போக்குவரத்து வழக்குகளுக்கான இந்த ஏற்பாடு 2019 ஜூலையில் டெல்லி தீஸ் ஹசாரியில் தொடங்கி, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்கு வந்தது. கட்டடம் கிடையாது, கூண்டு கிடையாது. போலீஸ் அனுப்பும் சலானை ஒரு நீதித்துறை நடுவர் கணினியில் பார்த்து, இவ்வளவு அபராதம் என்று ஒரு தொகையைக் குறிப்பார். உங்கள் போனுக்குச் செய்தி வரும். மெய்நிகர் நீதிமன்றத்தின் தளத்தில் வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ கொடுத்துத் தேடினால் வழக்கு தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) எடுத்தபோது கொடுத்த போன் எண்ணுக்குத்தான் செய்தி போகும். பத்து வருடத்துக்கு முன்னால் ஷோரூமில் விற்பனைப் பையன் ஏதோ ஒரு எண்ணைப் போட்டிருப்பான், அல்லது அந்த சிம்மை நீங்கள் எப்போதோ தூக்கிப் போட்டிருப்பீர்கள். சலான் வந்ததே தெரியாமல் இருப்பவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். பரிவாகன் தளத்தில் போன் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். சலான் இல்லாதவர்களும் கூட.

கோர்ட்டுக்கு முன்னால் ஒரு படி

மதுரை ஸ்கூட்டருக்கு வருவோம். இ-சலான் தளத்தில் சலானைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். அதை நிதானமாகப் பாருங்கள். வண்டியின் நிறம், மாடல், நம்பர் பிளேட்டின் எழுத்து, கண்ணாடி, பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் சாட்சிதான். நம் உதாரணத்தில் படத்தில் இருப்பது சிவப்பு பைக், பிளேட்டில் கடைசி எண் சேறு படிந்து மறைந்திருக்கிறது. 8 என்பதை 3 என்றும் 0 என்பதை 8 என்றும் படித்துவிடுவது மனிதருக்கும் சகஜம், இயந்திரத்துக்கும் சகஜம்.

இப்படிக் கண்ணுக்குத் தெரியும் தவறு என்றால் நேரே கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. இ-சலான் தளத்திலேயே புகார் பதிவு செய்யும் இடம் இருக்கிறது. சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு எழுத்திலும் மனு கொடுக்கலாம். சலான் எண், ஆர்.சி. நகல், உங்கள் வண்டியை அதே கோணத்தில் எடுத்த படம், சலான் படம், இவ்வளவும் வைத்து ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். "நான் 25 வருடமாக நேர்மையாக வாழ்ந்து வருபவன்" என்றெல்லாம் எழுத வேண்டாம், அதை யாரும் படிக்கப் போவதில்லை. "சலான் படத்தில் இருப்பது சிவப்பு மோட்டார் சைக்கிள், என்னுடையது சாம்பல் நிற ஸ்கூட்டர்" என்ற ஒரே வாக்கியம் வேலையை முடித்துவிடும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கோர்ட் போக நேர்ந்தாலும் "நான் அன்றைக்கே சொன்னேன்" என்பதற்கு அதுதான் ஆதாரம்.

படத்தில் இருப்பது உங்கள் வண்டி மாதிரியே அதே நிறம், அதே மாடல், அதே எண் என்றால் விஷயம் வேறு. உங்கள் எண்ணை யாரோ போலி பிளேட்டில் போட்டு ஓட்டுகிறார்கள். அபராதம் இதில் சின்ன விஷயம். நாளைக்கு அந்த வண்டி விபத்தில் சிக்கினாலோ சங்கிலி பறிப்பில் மாட்டினாலோ போலீஸ் வந்து நிற்பது உங்கள் வாசலில். அன்றே உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

மறுக்கிறேன் என்று சொல்வது

போலீஸ் சலானை ரத்து செய்யவில்லை, அல்லது அதற்குள் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. தளத்தில் வழக்கைத் திறந்தால் இரண்டு வழிகள் காட்டும். அபராதத்தைக் கட்டுகிறேன் என்பது ஒன்று, வழக்கை எதிர்கொள்கிறேன் என்பது மற்றொன்று. போனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் முதன்முறையாகச் சட்டப்படி "இல்லை" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அதன் பின் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்தில் இருக்காது. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் இடம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அந்த வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அங்கிருந்து தேதி வரும். கவனியுங்கள், உங்கள் ஊர்க் கோர்ட் அல்ல, சம்பவ ஊர்க் கோர்ட். மதுரைக்காரர் சென்னை சைதாப்பேட்டைக்கோ எழும்பூருக்கோ வர வேண்டியிருக்கும். ஆயிரம் ரூபாய் சலானுக்கு இரண்டு முறை பாண்டியன் ரயிலில் போய்வரும் செலவு ஆகிறதே என்றால், ஆகும். புகார் மனுவிலேயே முடித்துக்கொள்ளப் பாருங்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா விசாரணையை மின்னணு வழியில் நடத்த இடம் தருகிறது. வெளியூர்க்காரர்கள் காணொலியில் ஆஜராக அனுமதி கேட்டு மனு போட்டுப் பார்க்கலாம். தருவது நீதிபதியின் விருப்பம். வக்கீல் மூலம் ஆஜராகி, நேரில் வருவதிலிருந்து விலக்கு கேட்கவும் வழி உண்டு.

எல்லா ஊர் சலானும் மெய்நிகர் நீதிமன்றத்தில் வந்து விழுவதில்லை. சில நேரம் நேராக சம்மன் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு இதற்கு ஒரு பழைய வழியைச் சொல்கிறது. சிறைத் தண்டனை இல்லாத குற்றமென்றால், நீங்கள் நேரில் அல்லது வக்கீல் மூலம் வரலாம் என்று சம்மனிலேயே எழுத வேண்டும். அல்லது பதிவுத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட தொகையை மணியார்டரில் அனுப்பிவிடலாம் என்றும் அதில் இருக்க வேண்டும். மணியார்டர் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளும் இன்று லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள், சட்டத்தில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. எப்படியானாலும் கையில் கிடைத்த சம்மனை அலட்சியம் செய்யக் கூடாது. வராமல் இருந்தால் வாரண்ட் பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆயிரம் ரூபாய் ஹெல்மெட் வழக்கில் போலீஸ் வீடு தேடி வருவது அபூர்வம்தான். அதற்காக வாரண்டை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கோர்ட்டில் ஒரு காலை

காலை பத்தரைக்குள் போய்விடுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலில் உங்கள் வழக்கு எண்ணைத் தேடுங்கள். இப்படிப்பட்ட சுருக்க விசாரணை வழக்குகளுக்கு எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும் எண் இருக்கும். சட்டென்று புரியாவிட்டால் பெஞ்ச் கிளார்க்கிடமோ கோர்ட் டியூட்டிக்கு வந்திருக்கும் காவலரிடமோ கேளுங்கள், சொல்வார்கள். கோர்ட் சிப்பந்தியான டவாலி பெயரைக் கூப்பிடும்போது டீக்கடையில் இருந்தால் அன்றைய பொழுது போச்சு.

நீதிபதி உங்கள் மேல் உள்ள குற்றச்சாட்டின் சாராம்சத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். மொத்த விஷயமும் இந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது. வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்ற முப்பது பேரும் "ஒத்துக்கறேன்யா" என்று சொல்லிவிட்டு அபராதம் கட்டப் போயிருப்பார்கள். அந்த வேகத்தில் உங்கள் வாயிலிருந்தும் அதே வார்த்தை வந்துவிடும். "ஆமாங்கய்யா, ஆனா அன்னிக்கு நான் இல்லீங்க" என்று இழுத்தாலும் முதல் வார்த்தையே பதிவாகிவிடலாம். மறுக்க வந்தவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "குற்றத்தை மறுக்கிறேன்." விளக்கம் எல்லாம் பிறகு.

மறுத்த பிறகு சுமை எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. குற்றம் நடந்தது, அதைச் செய்தது நீங்கள் என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அன்றைக்கே முடியாது, வாய்தா போடுவார்கள். அடுத்த தேதியில் சலான் போட்ட அதிகாரி சாட்சி சொல்ல வர வேண்டும். அவரை நீங்களோ உங்கள் வக்கீலோ குறுக்கு விசாரணை செய்யலாம். எங்கே நின்றீர்கள், எத்தனை அடி தூரம், வண்டியை நிறுத்தினீர்களா, ஓட்டியவரின் முகத்தைப் பார்த்தீர்களா, நம்பரைப் படத்தைப் பார்த்து எழுதினீர்களா நேரில் பார்த்தா என்று நிதானமாகக் கேட்டாலே போதும். சினிமா வக்கீல் போல மேசையைத் தட்ட வேண்டியதில்லை. சுருக்க விசாரணையில் நீதிபதி சாட்சியத்தின் சாரத்தை மட்டும் எழுதிக்கொண்டு சுருக்கமான காரணங்களோடு தீர்ப்பு சொல்வார்.

கேமரா போட்ட சலான் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. 2019 திருத்தம் 136ஏ என்ற பிரிவைச் சேர்த்து, சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிக்கச் சொன்னது. அதற்கான விதி 167ஏ 2021 ஆகஸ்டில் வந்தது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில்தான், இந்த விதியை மாநிலங்கள் ஒழுங்காகச் செயல்படுத்த வேண்டும் என்ற உத்தரவு 2024-இல் வந்தது. கேமரா சலான்கள் குறையப் போவதில்லை என்பதற்கு இது அடையாளம். அதே விதி கேமரா வைப்பவர்களுக்கும் கடமைகளை வைத்திருக்கிறது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கண்காணிக்கப்படும் பகுதி என்ற எச்சரிக்கைப் பலகை முன்னாலேயே இருக்க வேண்டும். பதிவில் நம்பர் பிளேட், நாள், நேரம், இடம் தெரிய வேண்டும், வேக வழக்கு என்றால் கருவி அளந்த வேகமும் தெரிய வேண்டும்.

இன்னொன்று, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்க ஒரு சான்றிதழ் தேவை. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று பெயர் பெற்ற அது, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63-ஆவது பிரிவு. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதியாகச் சொன்னது. "படம் இருக்கே" என்று அரசுத் தரப்பு சொன்னால், "சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

எது எடுபடும், எது எடுபடாது

வண்டி நம்முடையதல்ல என்பது நல்ல வாதம். அன்று இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தது என்பதும் நல்ல வாதம். 196-ஆவது பிரிவு தண்டிப்பது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதை, பாலிசித் தாளை வீட்டில் மறந்து வைத்ததை அல்ல. பாலிசியில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் அச்சாகியிருக்கின்றன, அதைக் காட்டினால் போதும். டிஜிலாக்கரில் காட்டிய ஆவணமும் செல்லும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 139 சொல்கிறது.

"ஆஸ்பத்திரி அவசரம்", "எல்லாரும் போனாங்க, நானும் போனேன்", "தெருமுனைக் கடைக்குத்தான் போனேன், அதுக்கு எதுக்கு ஹெல்மெட்" என்பவை எடுபடாது. குற்றம் நடந்தது என்று நீங்களே சொல்லிக்கொடுக்கும் வாதங்கள் இவை. அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், விடுதலை கேட்க முடியாது.

ஓட்டியது நானில்லை, என் மச்சான் என்றால்? பொதுவாக ஓட்டியவர்தான் குற்றவாளி. ஆனால் யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டியது வண்டி உரிமையாளரின் கடமை என்று 133-ஆவது பிரிவு சொல்கிறது. மச்சானைக் காட்டிக்கொடுக்காமல் தானும் தப்புவது நடக்காத காரியம். ஓட்டியவர் பதினெட்டு வயது ஆகாத உங்கள் பிள்ளை என்றால் நிலைமை தலைகீழ். 199ஏ பிரிவின்படி பெற்றோரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள், சிறைவரை போகும் விஷயம் அது.

விற்ற வண்டிதான் தமிழ்நாட்டில் அதிகம் பேரைக் கடிக்கிறது. புரோக்கரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு, "அவங்க மாத்திக்குவாங்க" என்று விட்டுவிடுவோம். வாங்கியவர் மாற்ற மாட்டார். ஆர்.சி.யில் நம் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கணக்கில் உரிமையாளர் நாம்தான். நஷ்டஈட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே 2018-இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படித் தெரிவித்த நகல் கையில் இருந்தால் சலான் வழக்கில் அது பெரிய பலம். இல்லையென்றால் விற்பனைக் கடிதம், வண்டியை ஒப்படைத்த ரசீது, வாங்கியவர் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டியதுதான்.

காலக்கெடு ஒரு தனி ஆயுதம், பலருக்கும் தெரியாதது. வெறும் அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை, நடந்து ஆறு மாதத்துக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468-ஆவது பிரிவு, புதியதில் 514. ஆறு மாதம் எண்ணுவது சம்மன் உங்கள் கைக்கு வந்த நாள்வரை அல்ல, போலீஸ் வழக்கை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த நாள்வரை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஹெல்மெட் சலானை இப்போதுதான் கோர்ட்டில் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்றால் முதல் தேதியிலேயே இந்த ஆட்சேபத்தை எழுப்புங்கள். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு ஆண்டுவரை சிறை சொல்லும் குற்றமென்றால், உதாரணமாக 184-ஆவது பிரிவின் அபாயகரமான ஓட்டுதல் என்றால், காலக்கெடு ஆறு மாதம் அல்ல, ஒரு ஆண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மறுத்துத் தோற்றால் என்ன? இணக்கக் கட்டணம் என்ற சலுகை விலை அப்போது கிடையாது, சட்டம் சொல்லும் வரம்புக்குள் நீதிபதி விதிப்பதுதான். காரில் வேகமாகப் போனதற்கு 183-ஆவது பிரிவில் 1000 முதல் 2000 ரூபாய்வரை. செல்போன் வழக்கு வரும் 184-இல் முதல் குற்றத்துக்கே 5000 ரூபாய்வரை, சிறைக்கும் இடம் இருக்கிறது. ஹெல்மெட் வழக்கில் 194டி பிரிவு ஆயிரம் ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பையும் சேர்த்தே சொல்கிறது. உண்மையிலேயே சிக்னல் தாண்டியவர் ஐந்நூறு ரூபாயைக் கட்டிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். மறுப்பு என்பது மறுக்க விஷயம் உள்ளவர்களுக்கு.

வக்கீல் வைத்தே ஆக வேண்டுமா? படமே தவறு என்பது போன்ற எளிய வழக்கில் நீங்களே நின்று பேசலாம். பணமில்லை, தனியாகவும் முடியாது என்றால் பெரும்பாலான நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை தருகிறது. குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, ஸ்கூட்டர் உங்கள் மனைவி பெயரில் இருந்தால் அவரே மனு போடலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆண்டுக்கு நான்கு முறை தேசிய லோக் அதாலத் நடக்கிறது, நிலுவைச் சலான்களைக் குறைந்த தொகையில் முடிக்கும் வாய்ப்பு சில இடங்களில் கிடைக்கிறது. நல்ல வழிதான், ஆனால் அது சமரசம். அங்கே போய் "நான் செய்யவே இல்லை" என்று வாதாட முடியாது.

சரி, மதுரைக்காரர் ஜெயித்துவிட்டார், விடுதலை என்று தீர்ப்பும் வந்துவிட்டது. வேலை முடியவில்லை. கோர்ட்டில் முடிந்த வழக்கு பரிவாகன் தளத்தில் நிலுவையாகவே காட்டிக்கொண்டிருப்பது உண்டு. அன்றே நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிவிடுங்கள். அதில் ஒரு பிரதியைச் சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவில் கொடுத்துப் பதிவை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கோர்ட் தந்த சான்றிட்ட நகல், ஆர்.சி. இருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும், அடுத்து வண்டியை வாங்க வருகிறவர் கேட்கும்வரை.